கோடு அக்கா விட மறந்த அரை அங்குலம்

தொழிற்சாலையில் அவளுக்குக் ‘கோடு அக்கா’ என்று பேர் வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. காரணம் மட்டும் எல்லோருக்கும் தெரியும். கட்டிங் பகுதிக்குப் புதிதாக யார் வந்தாலும் முதல் நாளே அவர்கள் காதில் விழும் வாக்கியம் ஒன்றுதான்: “கோட்டு மேல போ. உள்ளயும் வராத, வெளியயும் போகாத.” சட்டையோ தலையணை உறையோ, நூறு அடுக்குத் துணியை மேஜைமேல் விரித்து, மேல் அடுக்கில் அளவு அட்டையை வைத்துக் கோடு இழுத்துவிட்டால், பிறகு அந்தக் கோடுதான் அவளுக்குச் சட்டம். இடது கையில் இரும்பு வளையங்கள் கோத்த கையுறை, வலது கையில் விர்ரென்று அதிரும் வெட்டு மிஷின். இருபத்தாறு வருஷம் அப்படி வெட்டினாள். ஒரு நகக்கண்கூடக் கிழிந்ததில்லை.

அப்பேர்ப்பட்டவள் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் ஏறி, பரணிலிருந்து ஒரு காலி டப்பாவை எடுக்கப் போய்க் கீழே விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அதுவும் வலது மணிக்கட்டு, இரண்டு இடத்தில். டப்பாவுக்குள் ஒன்றுமே இல்லை என்பதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறாத கோபம்.

கணவர் லாரி ஓட்டுகிறவர். கிளம்பினால் பத்து நாள், பன்னிரண்டு நாள். அன்றைக்கும் எங்கோ நெடுஞ்சாலையில்தான் இருந்தார். ஆஸ்பத்திரியில் உள்ளே தகடு வைத்து, வெளியே மாவுக்கட்டும் போட்டு அனுப்பினார்கள். சட்டைப் பட்டனை எப்படிப் போடுவது, தலையை எப்படிப் பின்னுவது, குளியலறையில் சொம்பை எந்தக் கையால் பிடிப்பது என்று வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டிருந்தபோது ஓரகத்தி வந்து நின்றாள். கணவருடைய தம்பியின் மனைவி.

“பைய எங்க வச்சிருக்கீங்க அக்கா? நாலு துணிய எடுத்துக்கலாம். நம்ம வீட்டுக்குப் போலாம்.”

“வேணாம், நான் பாத்துக்கறேன்.”

“எந்தக் கையால?”

கோடு அக்கா பை இருக்கும் இடத்தைக் காட்டினாள். போனாள்.

இதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்கலாம். அதிசயம்தான். இந்த இரண்டு பேருக்கும் நடுவே பத்தொன்பது வருஷமாக “வாங்க”, “சாப்பிட்டீங்களா”, “வரட்டுமா” இந்த மூன்றைத் தாண்டிப் பேச்சு இல்லை. அதற்குக் காரணம் ஒரு சிவப்புத் துணி.

ஓரகத்தி கல்யாணமாகி வந்த புதிது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் வேலை. முதல் சம்பளத்தில் ஒரு துணி எடுத்தாள். அடர் சிவப்பு, அதில் கடுகளவு வெள்ளைப் புள்ளிகள். எடுத்த கையோடு நேராக இவளிடம்தான் கொண்டுவந்தாள். “நீங்கதான் பெரிய கட்டிங்காரங்கன்னு சொன்னாங்க. எனக்கு ஒரு டிரெஸ் வெட்டித் தருவீங்களா அக்கா?” அன்று இவள் பன்னிரண்டு மணி நேரம் நின்ற காலோடு வீட்டுக்கு வந்திருந்தாள். கூடத்தில் நாலு உறவுக்காரர்கள் வேறு. “நாள் பூரா வெட்டிட்டு வர்றவகிட்ட வந்து இன்னும் வெட்டுன்னா என்ன அர்த்தம்? நான் என்ன உனக்கு வீட்டு டெய்லரா?” என்று வெடித்தாள். யாரோ சிரித்தார்கள். சின்னவளான ஓரகத்தி துணியை மடித்தாள். ஓரம் ஓரத்தோடு சேர, அழகாக மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அந்தத் துணியை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. மறுநாளே கோடு அக்கா ஒரு வார்த்தை வருத்தம் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் தள்ளிப் போட்டாள், வாரமாயிற்று, மாதமாயிற்று, பிறகு சொல்வதற்கே வெட்கமாயிற்று. நம்மில் பாதிப் பேருடைய கதை இதுதான்.

அப்பேர்ப்பட்ட சின்னவள்தான் மூன்று மாதம் இவளைப் பார்த்துக்கொண்டாள். காலை ஆறு மணிக்குப் பரிசோதனை நிலையம் போவதற்கு முன் இவளுக்குத் தலை சீவி, பின்னி, பட்டன் போட்டு, சாப்பாட்டைக் கைக்கெட்டும் உயரத்தில் ஸ்பூனோடு வைத்துவிட்டுப் போவாள். இரண்டு மணிக்குத் திரும்பியதும் குளிக்கவைப்பாள். முதல் நாள் குளியலறையில் கோடு அக்காவுக்கு வெட்கத்தில் உயிரே போயிற்று. சின்னவளோ தண்ணீரை ஊற்றிக்கொண்டே அன்று ஊசிக்குப் பயந்து மேஜைக்கடியில் ஒளிந்துகொண்ட ஒரு போலீஸ்காரரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். சிரித்த சிரிப்பில் குளித்து முடித்ததே தெரியவில்லை.

கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட ஆஸ்பத்திரியில் கொடுத்த பட்டை கழுத்தை அறுத்தது. “இருங்க” என்று சின்னவள் அலமாரியைத் திறந்து ஒரு பழைய மஞ்சள் படுக்கை விரிப்பை எடுத்தாள். பல தடவை துவைத்துப் பஞ்சாக மெத்தென்று ஆகிப்போன துணி. அதை வெட்டி, ஓரம் தைத்து, நாலு முக்கோணக் கட்டுத் துணிகள் செய்தாள். ஒன்று கழுத்தில், ஒன்று கொடியில், இரண்டு மடிப்பில். அவள் விரிப்பை உருவியபோது அலமாரியின் அடித்தட்டில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. இவள் பார்த்தாள். இவள் பார்த்ததை அவளும் பார்த்தாள். அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

மாவுக்கட்டு பிரித்து, கை ஓரளவு தேறியதும் கோடு அக்கா தன் வீட்டுக்கு வந்தாள். அதிரும் மிஷினை இனிப் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், தொழிற்சாலையில் வெட்டிய துண்டுகளைச் சரிபார்த்து அடுக்கும் வேலை கொடுத்தார்கள். அது போகட்டும். அவளை அரித்தது வேறு. சின்னவளுக்கு நன்றி சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது? ஒரு கூடைப் பழம் வாங்கிக்கொண்டு போனாள். “எதுக்கு அக்கா இதெல்லாம்” என்று வாங்கி வைத்துக்கொண்டாள் சின்னவள். மூன்று மாதக் குளியலுக்கு ஒரு கூடைப் பழமா என்று திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே தன்னைத் திட்டிக்கொண்டாள்.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. எப்போதோ தொழிற்சாலைக்கு மாதிரிக்காக ஒரு ஒட்டுப் போர்வை வந்திருந்தது. சின்னச் சின்னச் சதுரங்களைச் சேர்த்துத் தைத்த போர்வை. மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று சதுரம், ஆக ஒன்பது துண்டு சேர்ந்தால் ஒரு கட்டம். நாலு மூலையும் நடுவும் ஒரு நிறம், மற்ற நாலும் வெள்ளை. அப்படி ஒன்று தைத்துக் கொடுப்பது. அதுவும் அந்தச் சிவப்புத் துணியிலேயே.

கேட்பதற்குத்தான் தைரியம் வேண்டியிருந்தது. ஒரு நாள் சின்னவள் வீட்டுக்குப் போய், “அந்தத் துணி இருக்கா?” என்றாள்.

“எந்தத் துணி?”

“உனக்குத் தெரியும்.”

சின்னவள் உள்ளே போய் எடுத்து வந்தாள். சுற்றியிருந்த செய்தித்தாள் மக்கிப் பழுப்பாகி, ஓரங்களில் கிழிந்திருந்தது. துணி புதிதாகவே இருந்தது.

“என்ன பண்ணப் போறீங்க?”

“வெட்டப் போறேன்.”

“சரி” என்றாள் சின்னவள். துணியை இவள் கையில் வைத்தாள்.

கோடு அக்கா சதுரக் கோடு போட்ட நோட்டில் கணக்குப் போட்டாள். சின்னவள் நெட்டை, ஐந்தடி எட்டு அங்குலம். போர்வை ஆறடி நீளம் வேண்டும், நாலரை அடி அகலம். ஒரு கட்டம் ஒன்பது அங்குலம் என்றால் அகலத்துக்கு ஆறு, நீளத்துக்கு எட்டு, மொத்தம் நாற்பத்தெட்டு கட்டம். ஒன்பது அங்குலக் கட்டத்தில் மூன்று துண்டு, துண்டுக்கு மூன்று அங்குலம். சிவப்பு இருநூற்று நாற்பது, வெள்ளை நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. கணக்கு எவ்வளவு சுத்தமாக வந்தது பாருங்கள்! பின்னம்கூடக் கிடையாது.

வெள்ளைத் துணியும் வாங்கி வந்து, மூன்றுக்கு மூன்று அட்டை வெட்டினாள். கூடத்துத் தரையைத் துடைத்து, துணியை அடுக்காக மடித்து, நாலு மூலைக்கும் அரிசி டப்பா, இஸ்திரிப் பெட்டி, இரண்டு செங்கல் என்று பாரம் வைத்தாள். பெரிய கத்தரியை எடுத்தாள். வேறு யாராவது இருந்தால் ஒரு கட்டத்துக்கு மட்டும் வெட்டி, தைத்துப் பார்த்திருப்பார்கள். இவள் கட்டிங்காரி. ஒன்று வெட்டிப் பார்ப்பது என்ற பழக்கமே கிடையாது. வெட்டினால் மொத்தமும் வெட்டவேண்டும். கோட்டு மேலேயே போனாள். உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. மணிக்கட்டு வலித்தது, ஆனால் நடுங்கவில்லை. அதற்கே அவளுக்குக் கண் கலங்கியது.

முடித்துப் பார்த்தால் எண்பத்தெட்டு அங்குல நீளச் சிவப்புத் துணியில் இருபத்தெட்டு அங்குலம் முழுசாக மிச்சம்! தொழிற்சாலையில் துணியை மிச்சம் பிடிப்பவளுக்குத்தான் மரியாதை. பெருமை தாங்காமல் கணவருக்குப் போன் போட்டாள்.

“ஒரு முழத்துக்கு மேல மிச்சம் பண்ணிட்டேங்க!”

“அப்ப அதுல எனக்கு ஒரு டிராயர் தைச்சிடு” என்றார் அவர், லாரி இரைச்சலுக்கு நடுவே.

மறுநாள் காலை முதல் கட்டத்தைத் தைத்தாள். ஒன்பது துண்டையும் சேர்த்து, இஸ்திரி போட்டு, டேப்பை வைத்தாள். எட்டு அங்குலம். டேப்பைத் திருப்பி வைத்தாள். எட்டுதான். வீட்டிலிருந்த இன்னொரு டேப்பைத் தேடி எடுத்து வைத்துப் பார்த்தாள். பாவம், அந்த டேப்புக்கும் வேறு வழி தெரியவில்லை.

என்ன தப்பு என்றே பிடிபடவில்லை. போனை எடுத்து, தொழிற்சாலையில் தனக்கு எப்போதும் அட்டை வரைந்து கொடுத்த பேட்டர்ன் மாஸ்டரைக் கூப்பிட்டாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். “உங்க அட்டை வளைஞ்சிருக்கு”, “உன் கத்தி வளைஞ்சிருக்கு” என்று இருவரும் கால் நூற்றாண்டு சண்டை போட்டவர்கள்.

“மூணு இஞ்ச் துண்டு வேணும்னு மூணு இஞ்சே வெட்டிட்டியா?” என்றார் மாஸ்டர்.

“கோட்டு மேலதான் வெட்டினேன். எப்பவும் அப்படித்தானே வெட்டுவேன்?”

“ஏம்மா, நான் குடுத்த அட்டையில தையலுக்கு விடுற துணியையும் சேர்த்துத்தானே கோடு போட்டிருப்பேன்? பக்கத்துக்குக் கால் இஞ்ச், மொத்தம் அரை. நீ வெட்டினது அந்தக் கோட்டுல. உன் அட்டையில அத யாரு சேர்ப்பா? மூணரை வெட்டியிருக்கணும். இந்தக் கட்டத்தப் பக்கத்துக் கட்டத்தோட சேர்த்தா இன்னும் அரை உள்ள போய், ஏழரைதான் நிக்கும்.”

அவர் முதலில் சிரித்தார். இவள் சேர்ந்து சிரிக்காததால் நிறுத்தினார். “ரொம்ப முக்கியமான துணியா?” என்றார்.

“ஆமா.”

மிச்சம் வந்த துணி எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. இருநூற்று நாற்பது துண்டுக்கும் சேர வேண்டிய அரை அரை அங்குலம்தான் அங்கே மொத்தமாகக் கிடந்தது. பெருமையாகப் போன் வேறு போட்டாயிற்று! போனை வைக்கும் முன் திடீரென்று சொன்னாள்: “மாஸ்டர், இருபத்தாறு வருஷமா நீங்க எனக்காக அதச் சேர்த்துக் குடுத்திருக்கீங்க. ஒரு நாளும் நான் நெனச்சுப் பாத்ததில்ல. ரொம்ப நன்றி.” மாஸ்டர் இருமினார். “அட விடும்மா” என்றார். பிறகு, “உன் கத்தி ஒரு நாளும் வளைஞ்சதில்ல. சும்மா சொல்லுவேன்” என்றார்.

மிச்சத் துணியில் புதிதாக வெட்டினால் எண்பது துண்டுதான் தேறும். ஒரு துண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு துணிக்கடை துணிக்கடையாக ஏறி இறங்கினாள். ஏழாவது கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்தப் புள்ளி இப்ப யாரும் போடறதில்லயேம்மா” என்றார். இருக்கிற துண்டுகளிலேயே தைத்தால் ஐந்தடி வரும். ஐந்தடி எட்டு அங்குலக்காரிக்கு ஐந்தடிப் போர்வை. கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். ஓரம் ஓரத்தோடு சேர மடித்து, திரும்ப அலமாரியில் வைத்துவிடுவாள். ஒரே துணியில் ஒருத்தியை இரண்டு முறை ஏமாற்றலாமா? பொய் சொல்வதா, உண்மையைச் சொல்வதா என்று ஒரு நாள் முழுக்கத் தவித்துவிட்டு, தைத்த ஒற்றைக் கட்டத்தையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு, சின்னவள் வேலையிலிருந்து வரும் நேரத்துக்குப் போய் நின்றாள்.

“உன் துணியக் கெடுத்துட்டேன்” என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

சின்னவள் கட்டத்தை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள், தையலைத் தடவினாள். “எங்க கெட்டுப்போயிருக்கு? நல்லாத்தானே இருக்கு?”

“உனக்குப் போர்வை தைக்கலாம்னு வெட்டினேன். அரை இஞ்ச் விட மறந்துட்டேன். ஒவ்வொண்ணுலயும். கால் மூடாது.” பிறகு அடக்கிவைத்ததெல்லாம் கொட்டியது. “அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி உன்ன அப்படிப் பேசினது தப்பு. நீ எனக்குச் செஞ்சதுக்கு நன்றி சொல்லணும்னுதான் இதையே எடுத்தேன். அதையும் பாழாக்கிட்டேன். நீ இல்லன்னா அந்த மூணு மாசம் நான் என்ன ஆகியிருப்பேன்னு தெரியல.”

சின்னவள் அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். குடிக்கும்வரை காத்திருந்து கேட்டாள்: “இப்ப ஒரு கட்டத்துக்கு எவ்வளவு குறையுது?”

கோடு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டைப் பிரித்தாள். “மூணு துண்டு, துண்டுக்கு அரை. ஒண்ணரை இஞ்ச்.” சொன்னவள் அப்படியே நிறுத்தினாள். எல்லாக் கட்டத்திலும் ஒரே ஒன்றரை. தப்பாக வெட்டினாலும் ஒழுங்காகத் தப்பாக வெட்டியிருந்தாள். “ஒரு பக்கமும் கீழயும் வேற துணியில ஒரு பட்டை வச்சா... ஏழரையும் ஒண்ணரையும் ஒன்பது!” பென்சில் ஓட ஆரம்பித்தது. பட்டை தைத்த பின் ஒன்றரை நிற்கவேண்டுமென்றால் வெட்டவேண்டியது... வாயைத் திறந்தவள், மூடி, விரல் விட்டு எண்ணி, சத்தமாகச் சொன்னாள்: “ரெண்டு! தையலுக்கு அரை சேர்த்து ரெண்டு! பக்கப் பட்டை எட்டு நீளம், கீழ்ப் பட்டை ஒன்பதரை. ஆனா அத்தனைக்கும் துணி வேணுமே, அதுவும் மெத்துன்னு.”

சின்னவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் நாலு மஞ்சள் முக்கோணத் துணிகள். துவைத்து, இஸ்திரி போட்டு, ஓரம் ஓரத்தோடு சேர மடித்து வைத்திருந்தாள்.

“இத ஏன் இன்னும் வச்சிருக்க?”

“தூக்கிப் போட மனசு வரல அக்கா. நான் வேலைக்குப் போயிட்டு வந்தா, என்ன நடந்துச்சுன்னு கேக்க வீட்டுல ஆள் இருந்தது அந்த மூணு மாசம்தான். எங்க வீட்டுக்காரர் வந்தாலும் டிவியப் பாப்பாரு. நீங்க எனக்கு நன்றி சொல்றீங்க. நான் யாருக்குச் சொல்றது? அந்த முக்காலிக்கா?”

இருவரும் சிரித்தார்கள். பிறகு இருவருமே கொஞ்சம் அழுதார்கள். அழுதுகொண்டே கோடு அக்கா முக்கோணங்களை மேஜையில் விரித்து, எத்தனை பட்டை தேறும் என்று டேப்பை வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். கட்டிங்காரி என்றால் அப்படித்தான்.

தைத்து முடிக்க ஏழு வாரம் ஆனது. உள்ளே பஞ்சு விரிப்பு, அடியில் வெள்ளைத் துணி. மிச்சம் வந்த இருபத்தெட்டு அங்குலச் சிவப்பு, போர்வையைச் சுற்றி விளிம்புக்குப் போயிற்று. கணவரின் டிராயர் கனவு அதோடு முடிந்தது. சிவப்பும் வெள்ளையும் கட்டங்களாக, இடையில் மஞ்சள் பட்டைகளாக இருந்த அதைப் பார்த்தவர்கள், முதலிலேயே இப்படித்தான் யோசித்தீர்களா என்று கேட்டார்கள். கோடு அக்கா பொய் சொல்லவில்லை. “மறந்து வெட்டிட்டேன். அப்புறம் ரெண்டு பேருமா சேர்ந்து சரி பண்ணினோம்” என்று எல்லோரிடமும் சொன்னாள்.

போர்வையைக் கொண்டுபோன அன்றே சின்னவளைக் கட்டிலில் படுக்கச் சொல்லிப் போர்த்திப் பார்த்தாள். மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டு, கால் பக்கம் போய்க் குனிந்தாள். கால் மூடி, அதற்குமேல் ஒரு சாண் மிச்சமும் இருந்தது.

“சரியா இருக்கா?”

“சூடா இருக்கு” என்றாள் சின்னவள். கொஞ்ச நேரம் அப்படியே கிடந்து விரலால் ஒரு வெள்ளைப் புள்ளியைச் சுரண்டினாள். “அன்னைக்கே நீங்க வெட்டிக் குடுத்திருந்தா, நாலு வருஷத்துல கிழிஞ்சிருக்கும். இந்நேரம் இதால தரை துடைச்சிட்டிருப்பேன்.”

பிறகு எழுந்து உட்கார்ந்தாள். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளே புதுத் துணி, நீல நிறம், கடை மடிப்புகூடக் கலையவில்லை. நாற்பது வயதைத் தாண்டியவள், வேலையில் எத்தனையோ பேர் கையைப் பயமில்லாமல் பிடித்து ஊசி குத்துகிறவள், இவள் முகத்தைப் பார்க்காமல் பையின் காதைத் திருகிக்கொண்டே கேட்டாள்:

“இந்த மாசச் சம்பளத்துல எடுத்தேன். எனக்கு ஒரு டிரெஸ் வெட்டித் தருவீங்களா அக்கா?”

கோடு அக்கா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்தாள்.

“எந்திரி” என்றாள். “நேரா நில்லு. அளவு எடுக்கணும்.”